ரோஜா வண்ண ஏடு

எழுத்தறியாதவன் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குவானா?

வாங்கினான், தோழர்களே! அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே, மிசிசிப்பி ஆற்றோரப் பருத்திக் காட்டிலே, பகலெல்லாம் பஞ்செடுத்துக் கை காய்த்துப்போன கறுப்புத் தொழிலாளி, தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவன், ஏடு கேட்டு வாங்கினான். படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து, படிக்கச் சொல்லிக் கேட்டான். அந்த ஏட்டிலே அவனைப் பற்றிய செய்தி இருந்தது. அவனைப் பற்றிய செய்தி அதற்கு முன் எந்த ஏட்டிலே இருந்தது?

வாங்க வந்தவனுக்கு எழுத்துத் தெரியாது என்று கண்டுகொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? அவன் கேட்டது ஒன்று. அவன் கையில் திணித்தது வேறொன்று! போலீஸ் கெஜட் என்ற பொழுதுபோக்குத் தாளைக் கொடுத்து ஏய்த்தனர். சேதி ஆசிரியருக்கு எட்டியது. மறுப்பு எழுதிப் பயனில்லை. மறுப்பைப் படிக்கத் தெரிந்தவன் ஏமாந்திருக்க மாட்டான். ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். அன்று முதல் ஏட்டை ரோஜா வண்ணத் தாளிலே அச்சிட்டார். எழுத்துத் தெரியவேண்டாம், நிறம் தெரிந்தால் போதும்!

ஏட்டின் பெயர் பிரீ ஸ்பீச். தடையிலாப் பேச்சு என்று பொருள். டென்னசி மாநிலம் மெம்பிஸ் நகரிலே வெளிவந்தது. ஆசிரியர் ஒரு பெண். முப்பது வயது நிரம்பாத பெண். அடிமையாகப் பிறந்த பெண். ஐடா பி. வெல்ஸ் என்று பெயர்.

1862ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்து ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊரிலே பிறந்தார். தந்தை தச்சர், தாய் சமையற்காரி. இருவரும் அடிமைகள். ஆகவே பிள்ளையும் அடிமை! உள்நாட்டுப் போர் முடிந்து, விலங்கு உடைந்தபோது குழந்தைக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை.

கறுப்பருக்கு வாக்குரிமை வந்தது. தச்சரின் வெள்ளை முதலாளி, நான் சொல்லும் கட்சிக்கே போடு என்றான். தச்சர் தன் மனம் சொன்ன கட்சிக்குப் போட்டார். திரும்பி வந்து பார்த்தால் பட்டறைக்குப் பூட்டு! கெஞ்சவில்லை. நேரே கடைக்குப் போனார், புதிதாக உளியும் ரம்பமும் வாங்கினார், வேறு வீடு பிடித்துத் தனியாகத் தொழில் தொடங்கிவிட்டார்.

அந்தத் தச்சருக்கு அரசியலிலே ஆர்வம் அதிகம். மாலையிலே நண்பர்கள் கூடுவார்கள். நடுவிலே சிறுமி ஐடா உட்கார்ந்து பத்திரிகையை உரக்கப் படிப்பாள். பெரியவர்கள் வாய்மூடிக் கேட்பார்கள். நம் படிப்பகத்துக் காட்சியைப் போல இல்லையா? அச்சிலே வரும் ஒரு வரியை எத்தனை காதுகள் நம்பிக் கேட்கின்றன என்பதை, எழுதத் தொடங்கும் முன்பே அறிந்துகொண்டவர் ஐடா அம்மையார்.

1878இலே மஞ்சள் காய்ச்சல் வந்தது. தந்தை போனார், தாய் போனார், கைக்குழந்தைத் தம்பியும் போனான். மிஞ்சியது, பதினாறு வயது ஐடாவும் அவருக்கு இளைய ஐவரும். தந்தையின் சங்கத்து நண்பர்கள் நல்லெண்ணத்தோடுதான் கூடினார்கள். ஆளுக்கொரு பிள்ளையாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஊனமுற்ற தங்கையைக் கேட்பார் இல்லை. அவளை ஏழையர் விடுதிக்கு அனுப்புவதாம்! ஐடா மறுத்தார். குடும்பம் பிரியக்கூடாது, வேலை ஒன்று பிடித்துத் தாருங்கள், நானே காப்பாற்றுகிறேன் என்றார். பாவாடையை நீளமாகத் தைத்துக்கொண்டு, வயதைக் கூட்டிச் சொல்லி, கிராமப் பள்ளியிலே ஆசிரியையானார். மாதம் 25 டாலர். போக ஆறு மைல், கோவேறு கழுதை மேலே!

பிறகு மெம்பிஸ் நகரம். அங்கேயும் பள்ளி வேலை. 1884இலே ஒருநாள் ரயிலிலே பெண்கள் பெட்டியிலே, முதல் வகுப்புச் சீட்டோடு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வந்தான். எழுந்து புகைபிடிப்போர் பெட்டிக்குப் போ என்றான். மறுத்தார். கையைப் பிடித்து இழுத்தான். அம்மையார் அவன் கையைக் கடித்தார்! அவன் போய் ஆள் கூட்டி வந்தான். மூவர் சேர்ந்து இழுத்துத்தான் வெளியேற்ற முடிந்தது. பெட்டியிலிருந்த வெள்ளைச் சீமாட்டிகளும் சீமான்களும் கை தட்டினார்களாம். வழக்குத் தொடுத்தார்; கீழ்க்கோர்ட்டிலே 500 டாலர் கிடைத்தது. 1887இலே மாநில உச்சநீதிமன்றம் அதைப் பறித்துக்கொண்டு, வழக்குச் செலவையும் அவர் தலையிலேயே கட்டியது.

அந்த வழக்கைப் பற்றித் தேவாலய வார ஏடு ஒன்றுக்கு எழுதியதுதான் தொடக்கம். ஐயோலா என்ற புனைபெயர். நடை எளிய நடை. பட்டம் பெற்றவனுக்காக அல்ல, பருத்திக் காட்டுக்காரனுக்காக எழுதிய நடை. 1889இலே பிரீ ஸ்பீச் ஏட்டுக்காரர்கள் எழுத அழைத்தபோது, கூலிக்கு எழுத வரமாட்டேன், சமபங்கு தந்தால் வருகிறேன் என்றார். மூன்றில் ஒரு பங்கை விலைக்கு வாங்கி ஆசிரியரானார். 1891இலே, கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிகள் கிடக்கும் கேட்டை எழுதினார். எந்தப் பள்ளி நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கினாரோ, அதே நிர்வாகத்தைப் பற்றி! வேலை போயிற்று. ஊர் ஊராகச் சென்று சந்தா சேர்த்தார். ஓராண்டுக்குள் விற்பனை இருமடங்குக்கு மேல் போயிற்று. ரோஜா வண்ணத் தாள் வந்தது அந்தக் காலத்திலேதான்.

இதுவரை சொன்னது ஒரு துணிச்சலான பெண்ணின் கதை. இனி வருவதுதான் ஒரு பத்திரிகையாளரின் கதை.

அந்நாளிலே தென்மாநிலங்களில் லிஞ்சிங் என்றொரு கொடுமை. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு இல்லை. கும்பல் கூடும், சிறைக் கதவு திறக்கும், கறுப்பன் மரத்திலே தொங்குவான். சில ஊர்களிலே உயிரோடு எரிவான். அடுத்த நாள் பத்திரிகையிலே செய்தி வரும். வெள்ளைப் பெண்ணின் கற்பைக் கெடுத்தான், ஊரார் தண்டித்தனர் என்று இருக்கும். அடுத்த கொலைக்கும் அதே காரணம். அதற்கடுத்ததற்கும் அதே.

தோழர்களே, ஐடா அம்மையாரே இதைப் பாதி நம்பியிருந்தார்! ஆம், வியக்காதீர்கள். கும்பல் கொலை தவறுதான், ஆனால் செத்தவன் குற்றவாளியாகத்தான் இருக்கவேண்டும், இத்தனை ஏடுகள் பொய்யா எழுதும் என்று எண்ணியிருந்ததாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். அச்செழுத்தின் வலிமை அது. கொல்லப்பட்ட இனத்திலே பிறந்து, அடிபட்டு, அதே தொழிலில் இருந்தவரையே அது ஏமாற்றியது.

அந்த மயக்கம் 1892ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் தெளிந்தது.

மெம்பிஸ் நகரின் ஓரத்திலே, டிராம் வண்டி வளையும் மூலையில், கறுப்பர் கூட்டாகச் சேர்ந்து ஒரு மளிகைக் கடை வைத்தனர். பெயர் மக்கள் மளிகை. முன்னின்றவர் தாமஸ் மாஸ். பகலிலே தபால்காரர், இரவிலே கடைக் கணக்கு. ஐடாவின் உற்ற நண்பர். அவருடைய பெண் குழந்தைக்கு ஐடாதான் ஞானத்தாய். எதிரே ஒரு வெள்ளைக்காரனின் பழைய கடை. அதுவரை அந்த வட்டாரத்துக்கு அவன் ஒருவனே மளிகைக்காரன், வைத்ததுதான் விலை. புதுக்கடை வந்தது, அவன் வியாபாரம் சரிந்தது.

கோலி விளையாட்டிலே பிள்ளைகள் சண்டை. அது பெரியவர் சண்டையாயிற்று. இரவிலே சீருடையில்லாத ஆட்கள் துப்பாக்கியோடு மக்கள் மளிகைக்குள் புகுந்தனர், உள்ளே காவலிருந்தவர்கள் சுட்டனர், மூவருக்குக் காயம். வந்தவர்கள் சட்டத்தின் ஆட்களாம்! மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட், இன்னும் பலர் சிறைக்குள். காயம்பட்டவர்கள் பிழைத்துக்கொள்வார்கள், ஆகவே தூக்குக் கிடைக்காது என்று தெரிந்த பிறகு, இரவோடிரவாகக் கும்பல் வந்தது. மூவரையும் சிறையிலிருந்து இழுத்து, ஊருக்கு வடக்கே ரயில் பாதையோரம் கொண்டுபோய்ச் சுட்டுக்கொன்றது.

மறுநாள் வெள்ளையர் ஏடு அந்தக் கொலையை அணு அணுவாக வருணித்தது. யார் எப்படித் துடித்தார், யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் அச்சிலே! மேற்கே போங்கள், இங்கே நமக்கு நீதி இல்லை என்று மாஸ் தம் மக்களுக்குச் சொன்னதாகவும் அந்த ஏடே எழுதியது. இவ்வளவும் எழுதிய ஏட்டுக்குக் கொன்றவன் பெயர் மட்டும் தெரியவில்லை! ஒருவன்கூடத் தண்டிக்கப்படவில்லை.

ஐடா அம்மையார் ஒன்றைக் கவனித்தார். இந்த மூவர் எந்தப் பெண்ணைத் தொட்டார்கள்? யார் கற்பைக் கெடுத்தார்கள்? இவர்கள் கெடுத்தது ஒரு மளிகைக்காரனின் வியாபாரத்தை! இந்த மூவர் கதை இப்படியென்றால், மற்றவர்கள் கதை எப்படி?

கேள்வி பிறந்தது. கிளம்பிவிட்டார். கொலை நடந்த ஊருக்கே சென்று விசாரித்தார். கறுப்பரிடம் கேட்டார், பேசச் சம்மதித்த வெள்ளையரிடமும் கேட்டார். மிசிசிப்பியிலே ஓர் ஊரில், சிறு குழந்தையைக் கெடுத்த பாவி என்று எழுதி ஒருவனை எரியூட்டும் அளவுக்கு வெறியேற்றியிருந்தனர். போய்ப் பார்த்தால் அந்தக் குழந்தை வயது வந்த பெண். அவன் குடிலுக்குத் தானே சென்று வந்தவள். மானத்தை மறைக்கக் குற்றம் சாட்டியவன் தகப்பன்.

இந்தத் தொழிலிலே இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரவு நெடுநேரம் கழித்து ஒரு செய்தி வரும். பக்கம் காத்திருக்கும். அச்சுக்கோப்பவர் முகத்தைப் பார்ப்பார். சரிதானா என்று கேட்க நேரமில்லை, எல்லோரும் போடுகிறார்கள், நாமும் போடுவோம் என்ற சபலம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. அந்தச் சபலம்தான் அன்று தென்மாநிலங்களிலே கயிறாகத் தொங்கியது.

மாஸ் சொன்னதாக வந்த சொல்லை எடுத்துக்கொண்டு, ஊரை விட்டுப் போங்கள் என்று ஐடாவும் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் ஓக்லஹோமாவுக்குக் கிளம்பினர். வீட்டு வேலைக்கு ஆளில்லை, கடையிலே கூட்டமில்லை. மிஞ்சியவர்கள் டிராம் ஏறுவதை நிறுத்தினர். டிராம் கம்பெனி அதிகாரிகள் பிரீ ஸ்பீச் அலுவலகப் படியேறி வந்தனர். உங்கள் மக்களை மீண்டும் வண்டியேறச் சொல்லுங்கள் என்று வேண்டினர். வெள்ளை ஏடுகள் பார்த்தன. ஓக்லஹோமாவிலே பட்டினி, நோய், அங்கே போனால் சாவு என்று எழுதின. அம்மையார் என்ன செய்தார்? நாற்காலியில் உட்கார்ந்தபடி மறுப்பு எழுதவில்லை. தாமே ஓக்லஹோமாவுக்கு ரயிலேறினார். மூன்று வாரம் சுற்றினார். கண்டதை எழுதி அனுப்பினார்.

மே 21ஆம் நாள், கறுப்பன் பெண்களைக் கெடுக்கிறான் என்ற பொய்யை இனி யாரும் நம்பப்போவதில்லை என்று தலையங்கம் எழுதினார். இதே பொய்யைத் திருப்பித் திருப்பிச் சொன்னால், வெள்ளைப் பெண்களின் விருப்பத்தைப் பற்றியே உலகம் வேறுவிதமாக எண்ணும் என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரி போதுமானதாயிற்று.

டெய்லி கமர்ஷியல், ஈவினிங் சிமிட்டர் என்ற இரு ஏடுகள் பொங்கி எழுந்தன. எழுதியவன் ஓர் ஆண் என்று எண்ணிக்கொண்டு, அவனைக் கட்டி வைத்துச் சூடு போட்டு அறுக்கவேண்டும் என்ற தொனியிலே ஒன்று எழுதியது. கவனியுங்கள் தோழர்களே, இது கும்பல் கூச்சலல்ல. அச்சிலே வந்த ஆசிரியவுரை! மை உலர்வதற்குள் நகரப் பெருமக்கள் கூட்டம் போட்டனர். பிரீ ஸ்பீச் அச்சகம் அடித்து நொறுக்கப்பட்டது. கூட்டாளி பிளமிங் ஊரை விட்டு ஓடி உயிர் தப்பினார். ஐடா அப்போது பிலடெல்பியா சென்று, நியூயார்க்குக்கு வந்துகொண்டிருந்தார். திரும்பினால் ரயிலடியிலேயே ஆள் காத்திருக்கிறது என்று சேதி வந்தது.

சேர்த்த பணம் போயிற்று, அச்சகம் போயிற்று, ஊர் போயிற்று. எஞ்சியது அவர் சேகரித்திருந்த செய்தி.

நியூயார்க்கிலே தாமஸ் பார்ச்சூன் நடத்திய நியூயார்க் ஏஜ் ஏடு இடம் தந்தது. 1892 ஜூன் 25ஆம் நாள் இதழின் முதல் பக்கத்தை அவர் கட்டுரை நிறைத்தது. பெயர், நாள், ஊர் எல்லாம் போட்டு எழுதினார். அவ்வாண்டே அது நூலாகவும் வந்தது. மூன்றாண்டு கழித்து இன்னொரு நூல்: சிவப்புப் பட்டியல் என்ற பொருள்படும் தலைப்பு. அதிலேதான் அவருடைய கூர்மை தெரியும். கறுப்பர் சொன்ன கணக்கை அவர் தரவில்லை. அதை யார் ஏற்பார்கள்? வெள்ளையர் நடத்திய சிகாகோ டிரிப்யூன் ஆண்டுதோறும் வெளியிட்ட கணக்கையே எடுத்துக்கொண்டார். 1892இலே கும்பலால் கொல்லப்பட்டோர் 241 பேர். அவர்களில் கறுப்பர் 160 பேர். அந்த 160 பேரில் கற்பழிப்புக் குற்றம் சாட்டப்பட்டவர்கள்—மெய்ப்பிக்கப்பட்டவர்கள் அல்ல, சாட்டப்பட்டவர்கள்—46 பேர்! மற்றவர்கள்? கொலை, திருட்டு, தீவைப்பு என்ற குற்றச்சாட்டுகள். காரணமே சொல்லப்படாமல் செத்தவரும் உண்டு. இத்தனை ஆண்டுகளாக நாடு முழுதும் நம்பிய காரணத்தை, நாட்டின் ஏடுகளே வெளியிட்ட எண்கள் பொய்யாக்கின. கூட்டிப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

1893இலும் 1894இலும் இங்கிலாந்து சென்று மேடை மேடையாகப் பேசினார். மெம்பிஸ் நகரம் வாழ்ந்தது பருத்தியாலே. அந்தப் பருத்தியை வாங்கியவர்களில் இங்கிலாந்து ஆலைக்காரரும் உண்டு. வாங்குபவன் முகம் சுளித்த பிறகுதான் விற்பவனுக்குக் கும்பல் கொலை அழகல்ல என்று புரிந்தது. அதே 1894இலே, நியூயார்க் டைம்ஸ் ஏடு அம்மையாரைக் கேவலமான சொற்களால் ஏசியது. தென்னாட்டுக் கும்பல் அல்ல, வடநாட்டு மாபெரும் ஏடு!

1895இலே சிகாகோவிலே வழக்கறிஞர் பெர்டினாண்ட் பார்னெட்டை மணந்தார். அவர் தொடங்கிய ஏட்டை வாங்கித் தாமே நடத்தினார். கைக்குழந்தையோடு கூட்டங்களுக்குச் சென்றார். நால்வர் பிறந்தனர். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: அம்மையார் எவரோடும் எளிதிலே ஒத்துப்போகமாட்டார். இயக்கத் தலைவர்கள் பலரோடு சண்டை. சிலர் அவரை ஒதுக்கினர்; சிலரை அவரே ஒதுக்கினார். அதனாலே அவர் தூவிய விதையிலே முளைத்த அமைப்புகளில் அவர் பெயர் பின்னுக்குப் போயிற்று.

1909இலே இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோ என்ற ஊரிலே மீண்டும் ஒரு கொலை. சிறையாளியைக் கும்பலிடம் விட்டுவிட்ட ஷெரீப், பதவி இழந்தவன், மீண்டும் பதவி கேட்டு மனு போட்டான். அம்மையாருக்குச் சலிப்பு. இத்தனை ஆண்டு நானே ஓடினேன், இந்த முறை வேறு யாராவது போகட்டும் என்று படுத்துவிட்டார். மகன் படுக்கையருகே வந்து, நீ போகாவிட்டால் யார் போவார்கள் அம்மா என்று கேட்டான். போனார். அங்கே பார்த்தால், அந்த ஊர்க் கறுப்பரிலேயே சிலர் ஷெரீப்புக்கு ஆதரவாக மனு எழுதியிருந்தார்கள்! வீடு வீடாகச் சென்றார், உண்மையைத் திரட்டினார், ஆளுநர் முன் ஒற்றையாக நின்று வாதாடினார். ஷெரீப்புக்குப் பதவி திரும்பவில்லை.

1919இலே ஆர்கன்சாஸ் மாநிலத்து எலெய்ன் வட்டாரத்திலே, பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் சேர்ந்த குத்தகை உழவர்கள் சுட்டுத் தள்ளப்பட்டனர். கொன்றவர்களுக்கு ஒன்றுமில்லை, உழவர் பன்னிரண்டு பேருக்குத் தூக்கு! ஏறத்தாழ அறுபதை நெருங்கும் வயதிலே, அந்தக் கைதிகளின் மனைவிமாரோடு ஓர் உறவுக்காரியைப் போலச் சிறைக்குள் நுழைந்தார் அம்மையார். காவலன் கவனிக்கவில்லை, வயதான ஒரு கறுப்புப் பெண்ணை யார் கவனிப்பார்கள்? அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டு வந்து வெளியிட்டார். மேல்முறையீடுகள் நாட்டின் உச்சநீதிமன்றம் வரை போயின. கடைசியிலே பன்னிருவரும் உயிரோடு வீடு திரும்பினர்.

1931ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் சிகாகோவிலே இறந்தார். நியூயார்க் டைம்ஸ் அன்று ஒரு வரி போடவில்லை. 87 ஆண்டு கழித்து, 2018இலே, விட்டுப்போன இரங்கலை வெளியிட்டது. 2020இலே புலிட்சர் குழு சிறப்பு விருது தந்தது. கும்பல் கொலையைத் தடுக்க அமெரிக்க நாடாளுமன்றத்திலே முதல் மசோதா வந்தது 1900இலே, சட்டமானது 2022இலே!

தம் வாழ்க்கையை அவர் எழுதத் தொடங்கியதற்கும் ஒரு காரணம் உண்டு. ஓர் இளம்பெண், உங்களைப் பெரிய வீராங்கனை என்கிறார்களே, நீங்கள் செய்தது என்ன என்று அவரிடமே கேட்டாள். இவ்வளவு நடந்தும் அடுத்த தலைமுறைக்குச் செய்தி போய்ச் சேரவில்லை! உட்கார்ந்து எழுதலானார். முடிக்கவில்லை. 1970இலே மகள் ஆல்பிரடா அந்த நூலைப் பதிப்பித்தார். கடைசி அத்தியாயம் ஒரு வாக்கியத்தின் நடுவிலே, ஒரு சொல்லின் பாதியிலே நிற்கிறது.